கடைசியில் சேர்ந்த 200 வாக்குகள்: வாக்குச்சாவடி முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வாக்குச்சாவடி முகவர்களுக்கு,

உங்களை எந்தக் கட்சி அனுப்பியது என்பது இந்த மடலுக்கு முக்கியமில்லை. மாதிரி வாக்குப்பதிவுக்கு விடிகாலையிலேயே வந்து உட்கார்ந்து, பட்டியலில் ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டு, மாலையில் இயந்திரப் பெட்டிக்கு முத்திரை வைக்கும்வரை சாவடியில் இருக்க வேண்டியவர்கள் நீங்கள். தேர்தலைப் பற்றி எழுதுகிறவர்கள் தலைவர்களின் பேச்சையும் கூட்டணிக் கணக்கையும் எழுதுவார்கள். உங்களுக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது. நான் எழுத வந்தது, வாக்குப்பதிவு முடிந்தபின் வரும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி. சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கை எழுதிய, அப்போது உங்கள் கைக்கு வந்தே ஆக வேண்டிய ஒரு தாளைப் பற்றி. 17சி படிவம். அதை வாங்காமலே வீட்டுக்குப் போய்விடும் முகவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். எங்கள் ஆள் ஐம்பதாயிரம் வித்தியாசத்தில் ஜெயிப்பார், இந்த ஒரு சாவடியின் தாளை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்ற எண்ணம்தான் காரணம். அப்படி ஒரு தாள் யார் கையிலும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு, 1948இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு செனட் இடத்துக்கு நடந்த தேர்தலைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. ஒரு தேர்தல் எங்கே பறிபோகிறது, எந்த நொடியில் பறிபோகிறது என்பதை அது அங்குலம் அங்குலமாகக் காட்டுகிறது.

அன்றைய டெக்சஸில் குடியரசுக் கட்சி பெயருக்குத்தான் இருந்தது. ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் முதனிலைத் தேர்தலில் ஜெயித்தவர் நவம்பர் பொதுத் தேர்தலில் ஜெயித்த மாதிரியே. 1948 ஜூலை 24ஆம் தேதி நடந்த முதல் சுற்றில் முன்னாள் ஆளுநர் கோக் ஸ்டீவன்சன் 4,77,077 வாக்குகள் பெற்றார். பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்த லிண்டன் ஜான்சன் 4,05,617 வாக்குகளோடு இரண்டாமிடம். மூன்றாவதாக வந்த ஜார்ஜ் பெடி இரண்டு லட்சத்துக்கும் மேல் வாங்கிவிட்டதால் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. முதல் இருவருக்கும் ஆகஸ்ட் 28ஆம் தேதி இரண்டாம் சுற்று என்று ஆனது. ஜான்சன் ஹெலிகாப்டரில் ஊர் ஊராக இறங்கிப் பேசியதும், டெக்சஸ் மக்கள் அதை வேடிக்கை பார்க்கத் திரண்டதும் பலமுறை சொல்லப்பட்ட கதை. நாம் பார்க்க வேண்டியது வேறு. அந்தத் தேர்தலை நடத்தியது யார்? கட்சிதான் நடத்தியது. நம் மாவட்டம் போன்ற ஒவ்வொரு கவுண்டியிலும் கட்சியின் தலைவர் சாவடி அதிகாரியை நியமிப்பார். வந்தவர்களின் பெயரை எழுதுவது, வாக்கை எண்ணுவது, கணக்கை மேலே சொல்வது எல்லாம் அந்த அதிகாரியின் பொறுப்பு. மாநிலம் முழுவதன் கூட்டுத்தொகையைத் திரட்டியது பத்திரிகைகள் சேர்ந்து நடத்திய ஒரு தேர்தல் செய்தி அமைப்பு. அதற்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. கவுண்டிக் குழு அதிகாரபூர்வமாகச் சான்றளித்து மேலே அனுப்பப் பல நாள் ஆகும். சனிக்கிழமை இரவு எண்ணி முடித்த எண்ணுக்கும் சான்றிதழில் ஏறும் எண்ணுக்கும் நடுவே இருந்த அந்தப் பல நாட்களில், சாவடிக் கணக்கு ஒரு தரப்பின் கையில் மட்டும் இருந்தது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அன்று டெக்சஸில் வாக்களிக்க ஆண்டுதோறும் வாக்குவரி கட்டி ரசீது வைத்திருக்க வேண்டியிருந்தது. 1 டாலர் 75 சென்ட். மெக்சிகோ எல்லையை ஒட்டிய தென் டெக்சஸில் பண்ணைக் கூலிகளாக இருந்த மெக்சிக வம்சாவளி மக்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. அவர்களுக்காக அந்த வரியைக் கட்டி ரசீதைத் தங்கள் கையில் வைத்துக்கொண்ட ‘பெரியவர்கள்’ அங்கே இருந்தார்கள். டூவால் கவுண்டியை ஆண்ட ஜார்ஜ் பார் அவர்களில் முதன்மையானவர். டூவாலின் பிரபு என்றே பெயர் பெற்றவர். 1948 இரண்டாம் சுற்றில் டூவாலில் ஜான்சனுக்கு 4,622 வாக்குகள், ஸ்டீவன்சனுக்கு 40. ஏழைக்குக் கிடைத்த வாக்குரிமையை ரசீது வைத்திருந்தவர் பயன்படுத்திக்கொண்டார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பக்கத்துக் கவுண்டியான ஜிம் வெல்ஸிலும் பாரின் கை நீண்டிருந்தது. அதன் தலைநகர் ஆலிஸ். அங்கே ஒரு பள்ளியில் இருந்ததுதான் 13ஆம் எண் சாவடி. அதன் அதிகாரி லூயிஸ் சலாஸ், பாரின் ஆள்.

1948ஐப் புரிந்துகொள்ள ஏழாண்டு பின்னால் போக வேண்டும். 1941 ஜூனில் நடந்த இடைத்தேர்தலில் இதே ஜான்சன் இதே செனட்டுக்குப் போட்டியிட்டார். எண்ணிக்கை பெரும்பாலும் முடிந்தபோது சுமார் ஐயாயிரம் வாக்குகள் முன்னிலை. வெற்றி உறுதி என்றே அவருடைய ஆட்கள் கொண்டாடினார்கள். தென் டெக்சஸில் தனக்கு ஆதரவான இடங்களின் கணக்கை அவர் தாமதமில்லாமல் வெளியிட விட்டுவிட்டார். தனக்கு எத்தனை என்பதை ஊருக்கே சொல்லிவிட்டார் என்று பொருள். எதிர்த்தரப்புக்கு இன்னும் எத்தனை தேவை என்பது அந்த நிமிடமே தெரிந்துபோயிற்று. அடுத்த நாட்களில் கிழக்கு டெக்சஸிலிருந்து திருத்திய கணக்குகள் வரத் தொடங்கின. முடிவில் ஆளுநர் ஓடேனியல் 1,311 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜான்சன் அந்தத் தோல்வியிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே: கணக்கைக் கடைசியில் சொல்கிறவன் ஜெயிப்பான்.

1948இல் அவர் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. ஆகஸ்ட் 28 சனிக்கிழமை வாக்குப்பதிவு. பத்து லட்சத்தைத் தொடும் வாக்குகளில் இருவருக்கும் இடையே சில நூறுதான் வித்தியாசம். ஒரு நாள் ஸ்டீவன்சன் முன்னிலை, மறுநாள் ஜான்சன், திரும்பவும் ஸ்டீவன்சன். இரு பக்கத்திலிருந்தும் ‘எழுத்துப் பிழை திருத்தம்’ என்ற பெயரில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. வியாழக்கிழமை ஸ்டீவன்சன் முன்னிலையில் இருந்தார். செப்டம்பர் 3, வெள்ளிக்கிழமை. தேர்தல் முடிந்து ஆறு நாள். ஆலிஸிலிருந்து 13ஆம் சாவடியின் திருத்திய கணக்கு வந்தது. முதலில் ஜான்சனுக்கு 765 என்று சொல்லப்பட்டது இப்போது 965. ஸ்டீவன்சனுக்கு 60 என்றிருந்தது 62. எல்லாம் கூட்டிப் பார்த்தபோது ஜான்சன் 4,94,191, ஸ்டீவன்சன் 4,94,104. வித்தியாசம் 87. பத்தாயிரத்தில் ஒரு வாக்குகூட இல்லை.

அந்தச் சாவடியின் ஆவணத்தை நெருங்கிப் பார்ப்போம். உங்கள் மேசையில் இருக்கும் பதிவேட்டுக்கும் அதற்கும் உறவு உண்டு. ஸ்டீவன்சன் தன் வழக்கறிஞர்களை ஆலிஸுக்கு அனுப்பினார். பிறகு தானே போனார். போனி - க்ளைடு கொள்ளை ஜோடியை 1934இல் வேட்டையாடிய முன்னாள் டெக்சஸ் ரேஞ்சர் ஃபிராங்க் ஹேமர் துணைக்கு. வாக்களித்தவர்களின் பெயர்ப் பட்டியல் அந்த ஊர் வங்கி ஒன்றில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. சட்டப்படி யாரும் பார்க்கலாம் என்று வாதாடியும் பிரதி எடுக்க அனுமதி கிடைக்கவில்லை. சிறிது நேரம் கண்ணால் பார்க்க மட்டும் விட்டார்கள். பார்த்தவர்கள் முடிந்தவரை பெயர்களை மனதில் பதித்துக்கொண்டு வெளியே வந்து எழுதிக்கொண்டார்கள். அவர்கள் கண்டது இது: 841ஆம் பெயர்வரை கறுப்பு மை, அதற்குப் பிறகு நீல மை. நீல மையில் இருந்த சுமார் 200 பெயர்களும் ஒரே கையெழுத்து. அதோடு அகர வரிசையில் அமைந்திருந்தன. 765 என்ற எண்ணின் 7, மேலே ஒரு சுழி போட்டு 9 ஆக்கப்பட்டதுபோல் தெரிந்தது. 841ஆவது ஆளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். சாவடி மூடும் நேரத்தில் வாக்களித்ததாகவும், தனக்குப் பின்னால் வரிசையில் யாரும் இல்லை என்றும் அவர் சொன்னார். நீல மைப் பெயர்களில் சிலரை விசாரித்தபோது தாங்கள் அன்று வாக்களிக்கவே இல்லை என்றார்கள். ஊர் மக்கள் அகர வரிசையில் வந்து வரிசை கட்டி வாக்களிக்கும் சாவடி உலகத்தில் எங்கும் கிடையாது.

இவ்வளவு தெளிவான சான்று இருந்தும் என்ன ஆயிற்று? கவுண்டிக் குழுவின் புதிய நிர்வாகிகள் அந்தக் கணக்கை மறுபடி பார்க்க முனைந்தபோது, ஜான்சன் தரப்பு மாநில நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. செப்டம்பர் 13ஆம் தேதி கட்சியின் மாநிலக் குழு ஃபோர்ட் வொர்த் நகரில் கூடியது. 29க்கு 28 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்கில், ஜான்சனின் வெற்றியை உறுதி செய்தது. ஸ்டீவன்சன் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி விட்ஃபீல்ட் டேவிட்சன் ஜான்சனின் பெயர் வாக்குச்சீட்டில் ஏறத் தற்காலிகத் தடை போட்டார். சாட்சிகளை விசாரிக்கவும் பெட்டிகளைத் திறக்கவும் ஆணையர்களை நியமித்தார். ஆலிஸில் விசாரணை தொடங்கியபோது 13ஆம் சாவடிப் பட்டியலின் பிரதிகளைக் காணோம் என்ற பதில் வந்தது. நவம்பர் வாக்குச்சீட்டு அச்சுக்குப் போகும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஜான்சனின் வழக்கறிஞர் ஏப் ஃபோர்ட்டாஸ் நேரத்தை வீணாக்காமல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹியூகோ பிளாக்கிடம் வழக்கைக் கொண்டுபோனார். மாநிலத் தேர்தல் தகராறில் ஃபெடரல் நீதிமன்றம் இந்த வகையில் தலையிட அதிகாரம் இல்லை என்று சொல்லி, பிளாக் செப்டம்பர் இறுதியில் டேவிட்சனின் தடையை நிறுத்திவைத்தார். விசாரணை பாதியில் நின்றது. 13ஆம் சாவடியில் உண்மையில் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதை எந்த நீதிமன்றமும் கடைசிவரை தீர்மானிக்கவில்லை. நவம்பரில் ஜான்சன் எளிதாக ஜெயித்தார். 1949 ஜனவரியில் செனட் உறுப்பினரானார்.

உண்மை பிறகு வெளிவந்தது, யாருக்கும் பயன்படாத காலத்தில். 1977இல், ஜான்சனும் ஜார்ஜ் பாரும் இறந்துபோன பிறகு, சலாஸ் ஒரு செய்தி நிறுவனத்திடம் அந்த வாக்குகள் பொய்யாகச் சேர்க்கப்பட்டவை என்றும், தான் அவற்றுக்குச் சான்றளித்ததாகவும் ஒப்புக்கொண்டார். அவர் சொன்ன எல்லா விவரங்களையும் வரலாற்றாசிரியர்கள் ஏற்கவில்லை. ஆனால் பெயர்ப் பட்டியலின் தன்மையும் அவர் சொன்னதும் ஒத்துப்போகின்றன. ராபர்ட் கேரோ 1990இல் வெளியிட்ட ஜான்சன் வாழ்க்கை வரலாற்றின் இரண்டாம் தொகுதி இந்தத் தேர்தலைத்தான் மையமாக வைத்து ஆராய்கிறது. 29 ஆண்டு கழித்து வந்த ஒப்புதலால் ஒரு வாக்கைக்கூடத் திருத்த முடியவில்லை.

இங்கேதான் என் வாதம். அந்த 200 வாக்குகள் நுழைந்தது பிரச்சாரத்தில் இல்லை. வாக்குப்பதிவு நாளிலும் இல்லை. சாவடி மூடியதற்கும் கணக்கு உறுதியானதற்கும் நடுவே இருந்த ஆறு நாள் இடைவெளியில் நுழைந்தன. மற்றவர்கள் எல்லாம் விலை குறித்து உறையைப் பிரித்துவிட்ட பிறகு ஒருவர் மட்டும் தன் டெண்டரை எழுதிக்கொண்டு வரலாம் என்றால் ஒப்பந்தம் யாருக்குப் போகும்? அதேதான் இதுவும். மொத்தம் எத்தனை தேவை என்று தெரிந்த பிறகு சாவடிக் கணக்கை மாற்ற முடிகிற நிலை இருந்தால், எவ்வளவு நேர்மையான வாக்காளர்கள் வந்தாலும் அந்தத் தேர்தல் வாக்காளர் கையில் இல்லை. மருந்து மிக எளிமையானது. யாருக்கு எத்தனை தேவை என்று யாருக்கும் தெரியாத நேரத்திலேயே, அந்தச் சாவடியிலேயே, மொத்த எண்ணை எழுதி, ஒன்றுக்கொன்று எதிரான பல கைகளில் அதன் பிரதியைக் கொடுத்துவிட வேண்டும். ஆகஸ்ட் 28 இரவு ஸ்டீவன்சனின் முகவர் ஒருவர் 13ஆம் சாவடியில் உட்கார்ந்து, வந்தவர்கள் 841 என்று எழுதிய, சலாஸின் கையெழுத்துள்ள ஒரு தாளை வாங்கிச் சென்றிருந்தால், செப்டம்பர் 3ஆம் தேதி வந்த திருத்தத்தைக் கையில் எடுத்துப் பேசவே யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். ஹேமரும் வேண்டாம், பிளாக்கும் வேண்டாம்.

இதற்கு வரும் மறுப்புகளை ஒதுக்கிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. முதலாவது, இருதரப்பும் அதைத்தானே செய்தன என்பது. உண்மை. 1941இல் ஜான்சன் இழந்தது அதே வழியில். முன்பு ஸ்டீவன்சன் ஆளுநர் தேர்தலில் நின்றபோது ஜார்ஜ் பார் அவருக்கும் இப்படி ஒருபக்கமாக வாக்குகளை அள்ளிக் கொடுத்தவர்தான். ஒரு பதவி நியமனத்தில் மனக்கசப்பு வந்த பிறகே பார் ஜான்சன் பக்கம் போனார். கேரோவின் நூலில் ஸ்டீவன்சன் அளவுக்கு மீறி நல்லவராகத் தெரிகிறார் என்று விமர்சகர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அவர் நிறப்பிரிவினையை ஆதரித்தவர். ஆனால் இருவரும் செய்தார்கள் என்பதால் கணக்கு நேராகிவிடுமா? அன்று வாக்குவரிக்குக் காசு சேர்த்துக் கட்டி, வெயிலில் நின்று வாக்களித்த டெக்சஸ்காரருக்கு இரண்டு திருட்டும் சேர்ந்து நியாயம் செய்துவிடவில்லை. உங்கள் எதிர்க்கட்சி முகவர் நாளைக்கு இதையே செய்வார் என்று நீங்கள் நம்பினால், அவர் கையிலும் உங்கள் கையிலும் ஒரே தாள் இருப்பது இருவருக்குமே காப்பு.

இரண்டாவது மறுப்பு கனமானது. அந்த 87 வாக்குதானே ஜான்சனை செனட்டுக்கும், பிறகு குடியரசுத் தலைவர் பதவிக்கும் கொண்டுபோனது? 1965இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர்தானே? ஸ்டீவன்சன் ஜெயித்திருந்தால் அது நடந்திருக்குமா? இதைச் சொல்கிறவர்களின் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். அந்தச் சட்டம் கோடிக்கணக்கானோருக்குக் கதவு திறந்தது. ஆனால் 1948இல் அந்தப் பட்டியலில் பெயர் சேர்த்தவர்கள் 1965ஐ நினைத்துச் சேர்க்கவில்லை. அந்த ஆண்டு ஜான்சன் குடியரசுத் தலைவர் ட்ரூமனின் குடிமை உரிமைகள் திட்டத்தை எதிர்த்துப் பிரச்சாரம் செய்தார். 1957வரை அத்தகைய மசோதாக்களுக்கு எதிராகவே வாக்களித்தார். பின்னால் வந்த நன்மையை முன்னால் செய்த குற்றத்துக்கு ஈடாக வைத்தால், எந்தத் திருட்டும் இருபது ஆண்டு பொறுத்துப் பார்க்க வேண்டிய திருட்டாகிவிடும். இன்னொன்றையும் பாருங்கள். 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாம் பிரிவு என்ன சொல்கிறது? தேவைப்படும் இடங்களுக்கு ஃபெடரல் அரசு பார்வையாளர்களை அனுப்பலாம். தகுதியுள்ளவர்கள் வாக்களிக்க விடப்படுகிறார்களா என்பதையும், போட்ட வாக்குகள் சரியாக எண்ணப்படுகின்றனவா என்பதையும் அவர்கள் நேரில் கவனிக்கலாம். ஜான்சன் கையெழுத்திட்ட மிகச் சிறந்த சட்டம், சாவடியில் உட்கார்ந்து பார்க்கிற ஒருவர் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. உங்கள் வேலையின் மதிப்பை இதைவிட யாரும் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, நம் ஊரில் இப்போது இயந்திரம் வந்துவிட்டதே, கட்சி நடத்துகிற தேர்தலும் இல்லையே, நீல மையில் யார் பெயர் எழுதப் போகிறார்கள் என்பது. டெக்சஸைவிட நம் ஏற்பாடு மிக மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முதல் பொதுத் தேர்தலிலிருந்தே தனித் தேர்தல் ஆணையத்தின் கீழ் நடத்தியிருக்கிறோம். வாக்குக்கு வரி வைக்கவில்லை. ஆனால் இயந்திரம் ஒரு எண்ணை மட்டும் வைத்திருக்கிறது. அந்த எண் எந்தச் சாவடியில், எந்த வரிசை எண் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியில், எத்தனை மனிதர்கள் வந்து பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகு உருவானது என்பதைச் சொல்வது தாள்தான். வாக்காளர் கையெழுத்திடும் அந்த 17ஏ பதிவேடும் 17சி படிவமும் கையால் எழுதப்படுபவை. மாதிரி வாக்குப்பதிவின் வாக்குகளை அழிக்காமலே பதிவைத் தொடங்கிவிட்டால் இயந்திரத்தின் எண்ணும் தாளின் எண்ணும் பொருந்தாது. அப்படிப்பட்ட இயந்திரங்களை எண்ணிக்கையின்போது ஒதுக்கி வைத்து, வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால் வாக்கைக் காகிதத்தில் காட்டும் விவிபேட் சீட்டுகளை எண்ணித் தீர்ப்பது நடைமுறை. பொருந்தவில்லை என்று எண்ணும் மேசையில் முதலில் சொல்லப்போவது யார்? 17சி பிரதியோடு வந்திருக்கும் உங்கள் கட்சியின் எண்ணிக்கை முகவர். பிரதி இல்லாதவர், அறிவித்ததை எழுதிக்கொண்டு திரும்பலாம். 2024 மக்களவைத் தேர்தலின்போது 17சி விவரங்களை எல்லோருக்கும் வெளியிட வேண்டும் என்ற வழக்கில், வேட்பாளருக்கும் அவருடைய முகவருக்கும் தவிர வேறு யாருக்கும் அதைத் தரச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று தேர்தல் ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அந்த நிலைப்பாடு சரியா என்று விவாதிக்கலாம். வெளியிட வேண்டும் என்பதே என் கருத்து. அதுவரை, ஆணையத்துக்கு வெளியே அந்த எண்ணுக்கு இருக்கும் ஒரே காவல் உங்கள் கைப் பிரதி.

தவறு நடந்தால் நீதிமன்றம் இருக்கிறதே என்பது கடைசி மறுப்பு. ஹியூகோ பிளாக்கின் முடிவு ஏதோ அமெரிக்க விநோதம் என்று நினைத்துவிட வேண்டாம். 1952 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. அதுவும் நம் நாமக்கல் வழக்கில். சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு நாமக்கல் தொகுதியில் மனுச் செய்த பொன்னுசாமியின் வேட்பு மனு நிராகரிக்கப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே தள்ளுபடியாகி உச்ச நீதிமன்றம் போனார். தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றம் குறுக்கே வர முடியாது, எல்லாக் குறையையும் தேர்தல் முடிந்த பிறகு தேர்தல் மனுவாகத்தான் கொண்டுவர வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 329ஆம் பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் பொருள் சொன்னது. இன்றுவரை அதுதான் நம் அடிப்படைச் சட்டம். நாட்டின் தேர்தலை ஆளாளுக்கு வழக்குப் போட்டு நிறுத்திவிடக் கூடாது என்ற காரணம் நியாயமானது. அதன் விலையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். முடிவு அறிவித்து 45 நாளுக்குள் மனுப் போட வேண்டும். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆண்டுக்கணக்கில் நீள்வதே வழக்கம். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் 49 வாக்கு வித்தியாசம். தபால் வாக்குகளும் கடைசிச் சில சுற்றுகளும் தகராறுக்குள்ளாயின. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மறுஎண்ணிக்கையும் நடந்தது. ஆனால் உச்ச நீதிமன்றத் தடையால் அதன் முடிவு, அந்தச் சட்டமன்றத்தின் ஐந்தாண்டு முடியும்வரை வெளியாகவே இல்லை. அங்கே பிரச்சினை 17சி பற்றியது இல்லைதான். ஆனால் நீதிமன்றம் எவ்வளவு தாமதமாக வந்து சேரும் என்பதற்கு அதைவிட அருகில் எடுத்துக்காட்டு இல்லை. 2021இல் தியாகராய நகரில் 137 வாக்குகள்தான் வித்தியாசம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு சாவடியில் மதியத்துக்குள் பதிவாகிற வாக்குகளைவிட அது குறைவு.

ஆகவே உங்களிடம் கேட்பது சில சின்ன விஷயங்கள்தான்; எல்லாமே விதிகள் உங்களுக்குத் தந்திருப்பவை. நேரம் முடிந்ததும் வரிசையின் வால் பக்கத்திலிருந்து சீட்டு கொடுக்கிறார்களா என்று பாருங்கள்; கடைசி ஆள் யார் என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும். அவர் வாக்களித்ததும் ‘குளோஸ்’ பொத்தான் அழுத்தப்படுவதையும் இயந்திரம் காட்டும் மொத்த எண்ணையும் கண்ணால் பாருங்கள். 17ஏ பதிவேட்டின் கடைசிப் பெயருக்குக் கீழே, கடைசி வரிசை எண் இன்னது என்று எழுதித் தலைமை அலுவலர் கையெழுத்திடுவார். நீங்களும் அங்கே கையெழுத்திடுங்கள். ஆலிஸில் 841ஆம் பெயருக்குக் கீழே இல்லாமல் போனது இந்த ஒரு வரிதான். பிறகு 17சி. தேர்தல் நடத்தை விதி 49எஸ் சொல்வது, வாக்குப்பதிவு முடியும்போது சாவடியில் இருக்கும் முகவருக்குச் சான்றளித்த பிரதி தரவேண்டும் என்று. இருக்கும் முகவருக்கு. ஐந்து மணிக்கே எழுந்து போனவருக்குத் தரவேண்டிய கடமை யாருக்கும் இல்லை. கருவியின் எண், காகித முத்திரைகளின் எண்கள், பதிவேட்டுக் கணக்கு, இயந்திரக் கணக்கு நான்கையும் அந்த இடத்திலேயே சரிபாருங்கள். பொருந்தவில்லை என்றால் அப்போதே எழுத்தில் கொடுங்கள். மறுநாள் தொலைக்காட்சியில் சொல்லிப் பயனில்லை. பிரதியை அன்றிரவே உங்கள் வேட்பாளரின் தேர்தல் முகவரிடம் சேர்த்துவிட்டு, ஒரு படம் உங்கள் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். தொகுதியில் உங்கள் கட்சிக்கு ஜெயிக்க வழியே இல்லை என்று தெரிந்தாலும் இதைச் செய்யுங்கள். பக்கத்து மேசையில் எதிர்க்கட்சி முகவர் களைத்துப்போய் எழுந்து கிளம்பினால், அவரையும் கையைப் பிடித்து உட்கார வைத்து, அவருக்கும் ஒரு பிரதி வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்களை நம்பி வாக்களிக்கும் ஒருவர்